சம ஆசனமும் அதற்குப் பின்னும்

(பளையில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சுவடிவம்)



கல்வியோடு தொடர்புடைய ஒரு பொருளை எடுத்து ஆண்டுதோறும் இவ்வூரில் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தப்பெற வேண்டுமென்பது இவ்வறக்கட்டளையை வகுத்தோரின் விருப்பம். கல்வியின் மகிமையைப் பேசுவது எளிது. கேட்போர்க்கும் அது உவப்பாயிருக்கும். ஆனால், அந்தக் கல்வியை எல்லாக் குடிப்பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ், ஒரே வாங்கில் இருந்து பெறுவதற்கு இந்த வடபுலம் பட்ட பாட்டை நாம் மேடைகளில் அதிகம் எடுப்பதில்லை. எடுத்தால் யாருக்கேனும் மனம் நோகும் என்ற தாட்சண்ணியம் ஒரு காரணம். அதெல்லாம் முடிந்த கதை என்ற எண்ணம் மற்றொரு காரணம். 1984ஆம் ஆண்டு கிளிநொச்சி மாவட்டம் தனியே பிரியும்வரை யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு பகுதியாயிருந்து, அதன் பெருமைகளையும் வழக்கங்களையும் ஒருசேரச் சுமந்த பச்சிலைப்பள்ளி மண்ணில் நின்று அதைப் பேசுவது தகும் என்றே கருதுகிறேன்.

நான் நிலைநாட்ட விரும்பும் கருத்து ஒன்றே. பாடசாலையிற் சமத்துவத்துக்குப் பகையாக நாம் அறிந்திருப்பது மறுப்பு. அதாவது, வாசலில் நின்று ஒரு பிள்ளையை உள்ளே வராதே என்று தடுப்பது. அதனினும் வலிய பகை ஒன்றுண்டு. அது விலகல், அந்தப் பிள்ளை உள்ளே வந்து அமர்ந்ததும் மற்றவர்கள் தம் பிள்ளைகளைக் கையிற் பிடித்துக்கொண்டு வேறிடம் போய்விடுவது. மறுப்பைச் சட்டம் தண்டிக்கும். விலகலைத் தண்டிக்கச் சட்டம் இல்லை.

1

1815ஆம் ஆண்டு ஒக்டோபரில் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் கரையிலிருந்து புறப்பட்ட கப்பலொன்று, மறுவருடம் இலங்கையை அடைந்தது. அதில் வந்தவர்களைப் பொஸ்ரன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மிஷன் சங்கம் அனுப்பியிருந்தது. தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் அவர்கள் தொடங்கிய பாடசாலைகளும், 1823இல் உருவான வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824இல் எழுந்த உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையும் நம் சமூகத்தின் அறிவுச் சரித்திரத்தில் நீக்க முடியாத இடம்பெற்றவை. ஆனால், அப்பாடசாலைகளின் முற்றத்திலேயே சாதிப் பிரச்சினை காத்திருந்தது. மிஷனரிமாரிடம் படிக்கச் சம்மதித்த பிள்ளைகளும் அவர்கள் கூரையின் கீழ்ச் சமைத்த சோற்றை உண்ணச் சம்மதிக்கவில்லை. தொடக்கத்தில் மிஷனரிமார் இதற்கு இணங்கிப்போனார்கள். இணங்காவிட்டால் பாடசாலையில் பிள்ளை இராது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இணங்காமல் முயன்ற வேளைகளிலும், தாழ்த்தப்பட்ட குடிப்பிள்ளை ஒன்றை மற்றவர்களோடு சரிசமனாக அமர்த்திய வேளைகளிலும், வகுப்புகள் வெறிச்சோடிய நிகழ்ச்சிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சரித்திரத்தில் உள்ளன.

நம் மூதாதையரை மட்டும் குறை சொல்லி அமைவது நியாயமாகாது; அந்த மிஷன் சங்கம் இருந்த பொஸ்ரன் நகரின் கதையும் அதுவே. அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்கெனத் தனிப் பாடசாலைகள் வைக்கப்பட்டிருந்தன. சாரா றொபேட்ஸ் என்ற ஐந்து வயதுச் சிறுமி, தன் வீட்டுக்கும் தனக்கென ஒதுக்கப்பட்ட பாடசாலைக்கும் இடையில் இருந்த ஐந்து வெள்ளையர் பாடசாலைகளைக் கடந்து நடக்கவேண்டியிருந்ததென்று அவள் தந்தை 1849இல் வழக்காடினார். வழக்குத் தோற்றது. எனினும் கிளர்ச்சி ஓயவில்லை. 1855இல் மசாசூசெட்ஸ் சட்டசபை நிறத்தின் பேரால் பாடசாலை வாசலை அடைப்பதைத் தடைசெய்தது. வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டதும் அதே 1855ஆம் ஆண்டிலேயே. நமக்குச் சமத்துவத்தைப் போதிக்க வந்தவர்கள், தம் சொந்த நகரம் அதனைச் சட்டமாக ஏற்பதற்கு முப்பத்தொன்பது வருடம் முன்னதாகவே இங்கு வந்து சேர்ந்துவிட்டார்கள் என்பதை அவர்களை இகழ்வதற்காகச் சொல்லவில்லை. எந்தச் சமூகமும் இவ்விஷயத்தில் மற்றொரு சமூகத்தைப் பார்த்து விரல் நீட்டத் தகுதியுடையதன்று என்பதற்காகவே சொல்கிறேன்.

2

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்துக் கிராமப் பாடசாலை எவ்வாறு இருந்தது என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். கிடுகு வேய்ந்த நீண்ட கொட்டகை, இடுப்பளவு அரைச்சுவர், சாணி மெழுகிய நிலம், ஒரு பக்கம் வாங்குகள், முன்னே கரும்பலகை. வாங்கில் வேளாளப் பிள்ளைகளும் அவர்களுக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணப்பட்ட குடிகளின் பிள்ளைகளும் இருப்பார்கள். பஞ்சமர் என்று சொல்லப்பட்ட குடிகளில் ஒரு பிள்ளை வந்துவிட்டால், அது நிலத்திலோ, கதவோரத்திலோ, சில இடங்களில் அரைச்சுவருக்கு வெளியேயோ இருந்து பாடம் கேட்கவேண்டும். வாங்கில் இருப்பவனுடைய முதுகுதான் அதற்குக் கரும்பலகை. விடாய்த்தால் கிணற்றடிக்குப் போகக்கூடாது. யாராவது வார்க்கும் தண்ணீரைக் கையேந்திக் குடிக்கவேண்டும். பெரும்பாலான பாடசாலைகளில் இத்தனைக்கும் இடமில்லை. அந்தப் பிள்ளை சேர்க்கப்படுவதேயில்லை.

அக்காலத்துப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசாங்கத்தின் நன்கொடை பெற்று, மிஷன்களாலோ சைவ முகாமையாளர்களாலோ நடத்தப்பட்டவை. நன்கொடையும் ஆசிரியர் தொகையும் பெரும்பாலும் பிள்ளைகளின் வரவைச் சார்ந்திருந்தன. ஆகவே, ஆசிரியரின் சம்பளம் வரவு இடாப்பில் இருந்தது. வரவு இடாப்போ ஊர்ப் பெரியவர்களின் கையில் இருந்தது. ஒரு தாழ்த்தப்பட்ட பிள்ளையை வாங்கில் இருத்திய நல்ல மனம் படைத்த ஒரு சட்டம்பியார், மறுநாட் காலையில் இடாப்பைத் திறந்து பெயர் கூப்பிடும்பொழுது, முப்பது பெயருக்கு ஆறு பெயர்தான் "வந்தேன் ஐயா" என்று மறுமொழி சொன்னால், அடுத்த தவணையில் அவருடைய உத்தியோகமே கேள்விக்குரியதாகும். யாரும் அவரை அடிக்கவேண்டியதில்லை, ஏசவேண்டியதில்லை, தம் பிள்ளையை வீட்டில் மறித்துவைத்தாற் போதும். விலகல் என்னும் ஆயுதம் கூர்மை பெற்றது இவ்வாறே.

இந்த நிலையில்தான், 1920களின் இறுதியில், நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்கவேண்டுமென்று கல்விப் பகுதியார் பணித்தனர். அந்தப் பணிப்பு வானத்திலிருந்து விழவில்லை. 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தோன்றிப் பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற இயக்கத்தில், ஹன்டி பேரின்பநாயகம் முதலிய இளைஞர்கள் தீண்டாமையை ஒழிப்பதைத் தம் கொள்கையாகவே வகுத்திருந்தார்கள். அவர்கள் அழைப்பின் பேரில் 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்த காந்தியடிகள் தம் பிரசங்கங்களில் தீண்டாமையைக் கண்டித்தார். அதே காலத்தில் ஜோவல் போல் முதலியோர் ஒடுக்கப்பட்ட தமிழ்த் தொழிலாளருக்கென ஒரு சங்கம் கண்டு, சம ஆசனத்தையும் சம போசனத்தையும் தாமே கேட்டுப் போராடினார்கள். கேட்டவர்கள் கேட்டதனாலேயே கிடைத்தது. கொடுத்தவர்களின் பெருந்தன்மையினால் மட்டும் கிடைக்கவில்லை.

பணிப்பு வந்ததும் பழமை விரும்பிகள் மனுக்கள் எழுதினார்கள். பிரதிநிதிக் கூட்டங்கள் கூட்டினார்கள். தம் பிள்ளைகளை மறித்தார்கள். சில இடங்களிற் பாடசாலைகளுக்குத் தீ வைக்கப்பட்டது. சைவ சமயத்தின் பேரால் அந்த மனுக்களிற் சில எழுதப்பட்டன என்பதைச் சைவனாகிய நான் வெட்கத்தோடு சொல்கிறேன். ஆயினும் ஒன்றை மறக்கலாகாது: பணிப்பு முற்றாகத் தோற்கவில்லை. காரணம், இம்முறை பணிப்பின் பின்னால் பணம் நின்றது. நன்கொடையை நிறுத்திவிடுவோம் என்று அரசாங்கம் சொல்லக்கூடியதாயிருந்தது. ஊரார் வரவு இடாப்பைக் காட்டி அச்சுறுத்திய ஆசிரியருக்கு, அதே இடாப்பைக் காட்டி மறுத்துப் பேசுவதற்கு ஒரு வாய்ப்பு முதன்முறையாகக் கிடைத்தது. இருந்தும், வாங்கிலே இடம் கிடைத்த பல ஊர்களில், அந்த வாங்கு மெல்லத் தனி வாங்காகி ஒரு மூலைக்கு நகர்ந்தது. பணிப்பு ஆசனத்தைப் பற்றிப் பேசிற்று. பக்கத்தில் யார் இருப்பதென்பதைப் பற்றிப் பேசவில்லை.

3

மறுக்கப்பட்டவர்கள் கைகட்டிக் காத்திருக்கவுமில்லை. வடமராட்சியில், வதிரி என்னும் ஊரில், கா. சூரன் 1914ஆம் ஆண்டு தேவரையாளிச் சைவ வித்தியாசாலையை நிறுவினார். தம் குலத்துப் பிள்ளைகளை வேறு பாடசாலைகள் ஏற்காத காலத்தில், சொந்தக் காணியில், சொந்த உழைப்பில், சைவ நெறி தவறாமல் அவர் எழுப்பிய அந்தக் கொட்டகை நாளடைவில் தேவரையாளி இந்துக் கல்லூரியாக வளர்ந்து, ஆசிரியர்களையும் எழுத்தாளர்களையும் தந்தது. 1940களில் எழுந்த சிறுபான்மைத் தமிழர் மகாசபை, எம். சி. சுப்பிரமணியம் போன்றோரின் உழைப்பால் அரசாங்கத்தோடு வாதாடிப் பல ஊர்களுக்குப் பாடசாலைகளைப் பெற்றுக்கொடுத்தது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் நிறைவேறியதிலும் அவ்வியக்கத்தின் பங்கு பெரிது.

இந்த இடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். தனித்தனிப் பாடசாலை வேண்டாம், ஒன்றாய்ப் படிக்கவேண்டும் என்று சொல்கிற நான், ஒரு குலத்தார் தமக்கெனக் கட்டிய பாடசாலையைப் போற்றுவது எவ்வாறு பொருந்தும் என்று கேட்கலாம். வெளியே தள்ளப்பட்டவன் தனக்கென ஒரு கொட்டில் போட்டுக்கொள்வதும், உள்ளே இருப்பவன் கதவைச் சாத்திக்கொள்வதும் ஒரே செயலாகா. முன்னது உயிர் தப்பும் முயற்சி, பின்னது ஆதிக்கம். தேவரையாளியின் கதவு எக்குலத்துப் பிள்ளைக்கும் அடைக்கப்பட்டதென்று நான் அறியவில்லை. ஆனால், மற்றக் குலத்தார் அக்கதவைத் தேடி வரவில்லை. அங்கும் பிரித்தது விலகல்தான்.

விலகலுக்கு இன்னொரு முகமும் உண்டு. வாங்கில் இடம் பெற்ற பிள்ளை, அவமதிப்பைத் தாங்காமல் தானே எழுந்து போய்விடுவது அது. 'மல்லிகை' சஞ்சிகையின் ஆசிரியராயிருந்த டொமினிக் ஜீவா, வகுப்பறையில் ஓர் ஆசிரியர் தம் குலத்தொழிலைச் சுட்டி இழித்துரைத்ததனால் சிறுவயதிலேயே படிப்பை விட்டதைப் பல இடங்களிற் சொல்லியிருக்கிறார். சிகை அலங்கரிப்பு நிலையத்தில் தொழில் செய்துகொண்டே அவர் 1966இல் தொடங்கிய சஞ்சிகை ஈழத்து இலக்கியத்துக்கு ஒரு பல்கலைக்கழகமாயிற்று என்று நாம் பெருமை பேசுகிறோம். பேசுவோம், ஆனால், பேனா எடுக்கத் தெரியாமல், அதே காரணத்தால், அதே வயதில் எழுந்துபோன மற்றப் பிள்ளைகளின் கதையை எழுத ஒருவரும் இல்லை என்பதையும் நினைப்போம்.

4

விலகலின் கூர்மையை மழுக்கியவை இரண்டு சீர்திருத்தங்கள். 1945 ஒக்டோபரில், கல்வி மந்திரி கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கட்டணம் என்ற வேலி விழுந்தது. பின்னர் 1960, 1961ஆம் ஆண்டுகளில், நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. மிஷன்களும் சைவ வித்தியாவிருத்திச் சங்கமும் தாம் வளர்த்த ஸ்தாபனங்களை இழக்க நேர்ந்ததனால், அந்தப் பொறுப்பேற்பைப் பலர் இன்றும் மனக்கசப்போடு பேசுகின்றனர். அந்தக் கசப்பில் நியாயமும் இல்லாமலில்லை. ஆனால், ஆசிரியரின் சம்பளம் ஊராரின் கையிலிருந்தும் முகாமையாளரின் கையிலிருந்தும் அன்றுதான் முற்றாக விடுபட்டது. முப்பது பிள்ளைகளை ஊரார் மறித்தாலும் அவருடைய மாதச் சம்பளம் தவறாது. அதற்குப் பிந்திய தலைமுறையில், ஒடுக்கப்பட்ட குடிகளிலிருந்து வந்த ஆசிரியர்கள் எல்லாக் குடிப்பிள்ளைகளுக்கும் முன்னால் நின்று சோக்கட்டியைக் கையில் எடுத்தபோது, சரித்திரத்தின் பக்கம் உண்மையிலேயே புரண்டது. பக்கத்தில் இருப்பவன் யார் என்பதைவிட, எழுந்து நின்று "ஐயா" என்று யாரைச் சொல்கிறோம் என்பது பிள்ளையின் மனத்தில் ஆழமாகப் பதியும்.

இதே காலத்தில் அமெரிக்காவில் நடந்ததையும் நோக்குவது பயன்தரும். 1954 மே 17இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம், நிறத்தால் பிரித்த பாடசாலைகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று தீர்த்தது. 1957இல் லிற்றில் றொக் நகரில் ஒன்பது கறுப்பினப் பிள்ளைகளை வகுப்புக்குள் கொண்டுபோய் விடுவதற்கு இராணுவம் வேண்டியிருந்தது. வட மாநிலங்களோ தம்மிடம் இக்குற்றம் இல்லை என்று மார்தட்டின. ஆனால், 1855இலேயே சட்டம் செய்த பொஸ்ரனில், 1974ஆம் ஆண்டு நீதிபதி ஆர்தர் கரிற்றி விசாரித்துப் பார்த்தபோது, நகரின் பாடசாலைச் சபை எல்லைக் கோடுகளை இழுத்த முறையினாலேயே வெள்ளையரும் கறுப்பினத்தவரும் பிரித்து வைக்கப்பட்டிருந்தது வெளிப்பட்டது. பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிப் பகுதி மாற்றிக் கலக்கும்படி அவர் ஆணையிட்டார். தென் பொஸ்ரனில் அப்பேருந்துகள்மீது கல் விழுந்தது. கல்லெறி சில ஆண்டுகளில் ஓய்ந்தது, விலகல் ஓயவில்லை. வசதியுள்ள வெள்ளைக் குடும்பங்கள் நகரத்துப் பாடசாலையை விட்டுத் தனியார் பாடசாலைக்கும் புறநகருக்கும் போயின. அதே 1974இல் டெற்றொயிற் நகர வழக்கில், புறநகர்ப் பாடசாலைகளை இவ்விணைப்புக்குள் இழுக்க வேண்டியதில்லை என்று உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டதனால், விலகிப் போனவர்களைத் தொடர்ந்து செல்ல வழி இல்லாமற் போயிற்று. கலக்க ஆணை இருந்தது. கலப்பதற்குத்தான் பிள்ளைகள் இல்லை.

5

இனி நம் வன்னிப் பெருநிலத்துக்கு வருவோம். வன்னி புதிய மண், இங்கே குடாநாட்டுச் சாதிக் கட்டுப்பாடு இல்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். ஓரளவுக்கு அது மெய். இரணைமடுக் குளத்தை நம்பி எழுந்த குடியேற்றங்களில், காணியும் வாய்க்காலும் பொதுவானபோது வாங்கும் பொதுவாயிற்று. ஆனால், பளையின் தென்னந்தோட்டங்களில் காணி ஒருவருக்கும் உழைப்பு மற்றொருவருக்குமாக இருந்தது. 1970களிலும், 1977ஆம் ஆண்டு இனவன்செயலின் பின்னும், மலையகத்திலிருந்து பசியோடும் அச்சத்தோடும் வந்த மக்கள் மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம் முதலிய ஊர்களைக் காடு வெட்டி உருவாக்கினார்கள். வாக்குரிமையையும் பிரஜாவுரிமையையும் இழந்து, இலவசக் கல்வியின் நிழலும் சரியாகப் படாத தோட்டப் பாடசாலைகளிலிருந்து வந்த அவர்களுடைய பிள்ளைகளை, நம் வகுப்பறைகள் எந்தப் பெயரிட்டு அழைத்தன என்பதை இங்கே இருக்கிற வயது வந்தவர்கள் அறிவார்கள். அந்தச் சொல்லை நான் இம்மேடையில் உச்சரிக்க மாட்டேன்.

பிறகு போர் வந்தது. 1995இல் குடாநாடு பெயர்ந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் வந்தது. 2000ஆம் ஆண்டு ஆனையிறவுச் சமரோடு பளையே பெயர்ந்தது. 2009வரை பெயர்வுக்குமேற் பெயர்வு. மரநிழலில், ஒரு பாடசாலை காலையிலும் மற்றொரு பாடசாலை மாலையிலுமாக ஒரே கொட்டகையைப் பகிர்ந்துகொண்ட நாட்களில், எல்லாப் பிள்ளைகளும் நிலத்திலேயே இருந்தார்கள். அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு குலத்துப் பிள்ளைக்கு விதிக்கப்பட்ட இடம் அன்று எல்லாருக்கும் இடமாயிற்று. அதைச் சமத்துவம் என்று நான் கொண்டாடமாட்டேன். துன்பம் தந்த சமத்துவம் துன்பம் நீங்கியதும் நீங்கிவிடும். மீள்குடியேற்றத்தில் ஒவ்வொருவரும் தத்தம் பழைய வளவுக்குத் திரும்பியபோது, பழைய எல்லைகளும் கூடத் திரும்பின.

இன்று எந்த அதிபரும் சாதி கேட்டுப் பிள்ளையை மறுப்பதில்லை. ஆனால், ஒரு கிராமத்துச் சிறிய பாடசாலையில் கூலிக் குடும்பங்களின் பிள்ளைகள் பெருகத் தொடங்கியதும், வசதியுள்ளவர்கள் தம் பிள்ளைகளை வானில் ஏற்றிப் பெரிய பாடசாலைக்கு அனுப்புகிறார்கள். காரணம் கேட்டால், "அங்கே படிப்பு நல்லம்" என்பார்கள். ஐந்தாம் தரப் புலமைப் பரிசில் பரீட்சை, எஞ்சியிருந்த கெட்டிக்காரப் பிள்ளைகளையும் பொறுக்கியெடுத்துக்கொண்டு போகிறது. பிள்ளை குறைய ஆசிரியர் குறைகிறார். ஆசிரியர் குறையப் படிப்புக் குறைகிறது. படிப்புக் குறைய இன்னும் பிள்ளை குறைகிறது. இறுதியில், போக வழியற்றவர்களின் பிள்ளைகள் மட்டும் மிஞ்சிய ஒரு பாடசாலையை, மாணவர் தொகை போதாதென்று மூடிவிடலாமா என்று ஆலோசிக்கிறார்கள். 1930இல் ஊர்ப் பெரியவர்கள் வரவு இடாப்பைக் காட்டிச் செய்ததை, இன்று ஒருவரும் திட்டமிடாமலே, ஒருவர்மேலும் பழி வராமலே, நாம் எல்லோரும் சேர்ந்து செய்துகொண்டிருக்கிறோம்.

6

இதற்குப் பரிகாரம் யாது? பெற்றோரைக் குற்றஞ்சாட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. தன் பிள்ளைக்கு நல்ல படிப்பைத் தேடுவது தாய்தந்தையரின் கடமை. அந்தக் கடமையைச் செய்வதற்காக அவர்கள் ஊர்ப் பாடசாலையை விட்டுப்போகவேண்டிய நிலை இருப்பதே குற்றம். அரசாங்கம் ஆசிரியர்களைப் பிள்ளைகளின் தலையை எண்ணிக் கொடுப்பதை விட்டு, தேவையை எண்ணிக் கொடுக்கவேண்டும். மிகவும் பின்தங்கிய ஊரின் பாடசாலைக்கு மிகவும் தேர்ந்த அதிபர் போகவேண்டும். போகிறவருக்கு அது தண்டனை இடமாற்றமாக அல்லாமல் மரியாதையாக அமையவேண்டும். குடாநாட்டிலிருந்து காலைப் பேருந்தில் வந்து மாலைப் பேருந்தில் திரும்பும் ஆசிரியர்களைக் குறைகூறுவோர், அவர்கள் இங்கே தங்குவதற்கு ஒரு நல்ல விடுதியையேனும் கட்டித் தரட்டும். வெளிநாட்டிலிருந்து பழைய மாணவர் சங்கங்கள் அனுப்பும் பணத்தில் பெரும்பங்கு ஏற்கெனவே பெயர்பெற்ற பாடசாலைகளின் நுழைவாயில் வளைவுகளுக்கும் மண்டபங்களுக்கும் போகிறது. அதில் ஒரு பங்கு பழைய மாணவர் சங்கமே இல்லாத சிறு பாடசாலைகளுக்குப் போகட்டும்.

ஊரிற் செல்வாக்கு உடையவர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. அதிகாரி, வைத்தியர், ஆசிரியர், வர்த்தகர் ஆகியோரில் ஒரு சிலரேனும் தம் பிள்ளையை அண்மையிலுள்ள பாடசாலையில் முதலாம் ஆண்டில் சேர்த்து, ஐந்தாம் ஆண்டுவரை அங்கேயே விட்டுவைத்தால், அப்பாடசாலைக்குக் கேட்காமலே ஆசிரியர் வருவார். கூரை ஒழுகினால் அன்றே முறைப்பாடு மேலிடம் போய்ச் சேரும். எளியவன் கேட்டால் பத்துக் கடிதம் வேண்டிய காரியம், செல்வாக்குடையவன் பிள்ளை அதே வாங்கில் இருந்தால் ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்துவிடுகிறது. இது நீதியன்று, ஆனால் நம் நாட்டு நடைமுறை. அந்நடைமுறையை எளியவனுக்குப் பயன்படச் செய்வதற்கு, அவன் பிள்ளையோடு நம் பிள்ளையும் இருப்பதைவிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

சம ஆசனத்தைக் கேட்டுப் பெற்றவர்கள் ஒரு தலைமுறைக் காலம் போராடி, வாங்கிலே இடம் வாங்கித் தந்துவிட்டுப் போனார்கள். அந்த வாங்கை விட்டு எழுந்து போகாமலிருப்பது மட்டுமே நம் தலைமுறையின் பொறுப்பாக எஞ்சியிருக்கிறது. அவர்கள் தீயையும் வசையையும் தாங்கிச் செய்ததோடு ஒப்பிட்டால், நம்மிடம் கேட்கப்படுவது மிகச் சிறிது. அதையும் நாம் செய்யாதுவிட்டால், பிற்காலத்துச் சரித்திரகாரன் 1930இல் மனு எழுதியவர்களையும் நம்மையும் ஒரே அத்தியாயத்தில் வைத்து எழுதுவான். அவன் எழுதுவதில் பிழையும் இராது.